எழுத்தில் வரும் வாதத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் மனு எழுத வருபவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கட்டுரைப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பவை இந்தக் கேள்விகள்தான். பதில்கள் பெரும்பாலும் மாதிரிக்கு எடுத்த ஒரே ஒரு மனுவை வைத்தே போகும். அதைப் பாடத்துக்காக நானே எழுதினேன். ஊரும் சோதனை அளவும் கற்பனை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் தர வரம்பும் நிஜம். முதலில் மனுவை ஒரு முறை படித்துவிடுங்கள்.

"பொருள்: குடிநீர் தொடர்பாக.
ஐயா, எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரோடு போர் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள். 'நீரின்று அமையாது உலகு' என்றார் வள்ளுவர். போர் தண்ணீரைச் சோதித்ததில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது. குடிநீரில் 1.5-க்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பல பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. கோடையில் ஆற்றுத் தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் பத்தாது என்று சொல்வார்கள். ஆகவே கலப்பதை நிறுத்தி, குடிக்க ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாக விடும்படி கேட்டுக்கொள்கிறோம்."

வாதம் என்றால் பட்டிமன்றத்தில் மோதிக்கொள்வது போலவா?

இல்லை. ஒரு கருத்தைச் சொல்லி, அதை ஏன் ஏற்க வேண்டும் என்று காரணமும் காட்டினால் அது வாதம். எதிரில் ஆள் இருக்க வேண்டியதில்லை. "தண்ணீர் சரியில்லை" என்பது வெறும் புகார். "தண்ணீர் சரியில்லை, சோதனைச் சீட்டு இதோ, அதனால் இன்னதைச் செய்யுங்கள்" என்றால் வாதம்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இவைதானே பாகங்கள்? பள்ளியில் அப்படித்தானே எழுத வைத்தார்கள்?

அவை கட்டுரையின் பாகங்கள். தாளில் எது முதலில், எது நடுவில், எது கடைசியில் என்ற இட வரிசையைச் சொல்கின்றன. வாதத்தின் பாகம் என்பது ஒரு வாக்கியம் செய்கிற வேலையைப் பொறுத்தது. முன்னுரையிலேயே முடிவு வந்துவிடலாம். முடிவுரையில் புதுக் காரணம் ஒன்று ஒளிந்திருக்கலாம். மூன்று தலைப்பும் ஒழுங்காகப் போட்ட கட்டுரையில் ஒரு காரணம்கூட இல்லாமல் போகவும் கூடும். மதிப்பெண் வாங்கிய கட்டுரைகளில் இதை நிறையவே பார்க்கலாம்: முன்னுரை "நீர் இன்றியமையாதது" என்கிறது, பொருளுரை அதையே விரித்துச் சொல்கிறது, முடிவுரை "நீரைக் காப்போம்" என்கிறது. படித்து முடித்த பிறகும் எதை ஏன் நம்பச் சொன்னார் என்று தெரியாது.

சரி, வாதத்தின் பாகங்கள் எவை?

எதை ஏற்கச் சொல்கிறார் என்பது மையக் கருத்து. ஏன் என்பது காரணம். அந்தக் காரணம் மெய் என்று காட்டுவது சான்று. சான்றிலிருந்து மையக் கருத்துக்குப் போக உதவும் பொது விதி இணைப்பு. இதைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். எதிர்ப்பக்கம் என்ன சொல்லும், அதற்கு என்ன பதில் என்பது இன்னொரு பாகம். இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது வரம்பு.

நம் மனுவில் மையக் கருத்து கடைசி வாக்கியம். காரணம், போர் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல என்பது. அதை மனு நேராகச் சொல்லவே இல்லை, 2.4-ஐயும் 1.5-ஐயும் பக்கத்தில் வைத்து நம்மையே சொல்ல வைக்கிறது. 2.4 என்ற சோதனை முடிவு சான்று. பல் கறை இன்னொரு சான்று. "கோடையில் பத்தாது" என்பது எதிர்க்கருத்து. அதற்குப் பதில் எங்கே என்று தேடுங்கள். இல்லை. கேள்வியை எழுப்பிவிட்டு உடனே "ஆகவே" என்று தாவிவிட்டார்.

மையக் கருத்து கடைசியில்தான் இருக்குமா? எப்படித் தேடுவது?

எங்கே வேண்டுமானாலும் இருக்கும். நாளிதழ்த் தலையங்கத்தில் சில நாள் முதல் வரியிலேயே வந்துவிடும், சில நாள் கடைசிப் பத்தி வரை காக்க வைக்கும்.

தலைப்பையும் மையக் கருத்தையும் குழப்பிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். மனுவின் "பொருள்" வரியைப் பாருங்கள்: "குடிநீர் தொடர்பாக." அது தலைப்பு. குடிநீர் வேண்டுமா, வேண்டாமா, கட்டணம் அதிகமா, குழாய் உடைந்ததா? ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கட்டுக் கட்டாக மனு வரும். "தொடர்பாக" என்று நிறுத்திய மனுவை, படிப்பவர் கடைசி வரி வரை துழாவ வேண்டும். "மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீர் கலப்பதை நிறுத்தக் கோருதல்" என்று எழுதினால் மையக் கருத்து முதல் பார்வையிலேயே தெரியும்.

தேடும்போது நான் சொல்லும் வழி எளிது. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து "இதை எதற்காகச் சொல்கிறார்?" என்று கேளுங்கள். பதில் இன்னொரு வாக்கியத்தைக் காட்டினால் அங்கே போய் அதே கேள்வியைக் கேளுங்கள். அதற்குமேல் போக இடமில்லாமல் எங்கே நிற்கிறீர்களோ அதுதான் மையக் கருத்து.

"ஆகவே", "ஏனெனில்" போன்ற சொற்களை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

உதவும். ஆகவே, எனவே, ஆதலால் இவற்றுக்குப் பின் பெரும்பாலும் முடிவு வரும். ஏனென்றால், காரணம் என்னவென்றால் இவற்றுக்குப் பின் காரணம் வரும். "என்பார்கள்", "எனச் சிலர் கருதலாம்" என்று கண்டால் எதிர்க்கருத்து. ஆனால் தமிழில் காரணம் தனி வாக்கியமாக வர வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு விகுதியிலேயே அடங்கிவிடும். "ஃபுளோரைடு அதிகமாக இருப்பதால் நிறுத்த வேண்டும்" என்பதில் "ஆல்" மட்டுமே காரணத்தைத் தாங்கி நிற்கிறது. வேகமாகப் படித்தால் அது கண்ணில் படாமல் போய்விடும், "இருப்பதால்" என்று சொன்னது மெய்தானா என்று கேட்கவும் தோன்றாது. இப்படிச் சொல்லின் கடைசியில் நுழைந்துவிடும் காரணங்களைப் பென்சிலால் வட்டமிடப் பழகுங்கள்.

காரணமும் சான்றும் ஒன்றுதானே?

காரணம் எழுதுபவரின் மனத்திலிருந்து வருகிறது, சான்று வெளியிலிருந்து வருகிறது. "போர் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல" என்று நானே சொல்லிக்கொள்ளலாம். 2.4 என்ற எண்ணை நானே சொல்லிக்கொள்ள முடியாது, ஆய்வகம் சொல்ல வேண்டும். எப்போது எடுத்த தண்ணீர், எங்கே எடுத்தது, யார் சோதித்தது என்று சான்றைக் கேட்கலாம். மாதிரி மனுவில் இந்த மூன்றுமே இல்லை.

எழுதாமல் விட்ட இணைப்பு என்கிறீர்களே, அது என்ன? இதுதான் புரியவே இல்லை.

புரியாமல் இருப்பது நியாயம்தான், தாளில் இல்லாததைப் படிக்கச் சொல்கிறோம். ஆனால் வாதத்தைப் படிக்கத் தெரிவது என்று நான் நினைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மனு சொல்வது: போர் தண்ணீரில் 2.4. வரம்பு 1.5. ஆகவே கலப்பதை நிறுத்துங்கள். கேட்டதும் சரி என்றுதான் தோன்றும். இப்போது நடுவில் ஓர் இடம் விட்டு, "இந்த முதல் இரண்டும் மெய்யானால் மூன்றாவது ஏன் மெய்யாக வேண்டும்?" என்று கேளுங்கள். கிடைக்கும் விடை இப்படி இருக்கும்: "கலக்கும் தண்ணீரில் ஒன்று வரம்பு மீறியிருந்தால் கலந்த தண்ணீரும் வரம்பு மீறும்." மனு இதை எழுதவில்லை, நம்பிக்கொண்டிருக்கிறது.

இது சரியா? கணக்குப் போடுங்கள். ஆற்றுத் தண்ணீரில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 2.4-ம் 0.4-ம் சேர்ந்து 2.8, அதில் பாதி 1.4. வரம்பான 1.5-க்குள் வந்துவிட்டது! மனுவைப் படிக்கும் பொறியாளர், "கலந்தபின் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். சோதித்தது போரில் எடுத்த தண்ணீரை. மக்கள் குடிப்பது குழாயில் வரும் தண்ணீரை. சான்று ஓர் இடத்தில், முடிவு இன்னோர் இடத்தில். சான்றில் பொய்யில்லை, ஆனால் அது முடிவைத் தொடவில்லை.

அத்தோடு முடியவில்லை. 1.5 என்ற வரம்பையே மறுபடி பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, ஃபுளோரைடுக்கு இரண்டு எண் தருகிறது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம். 1.5 வரை அனுமதிப்பது வேறு நீராதாரம் இல்லாத இடத்தில். நம் ஊருக்கு வேறு ஆதாரம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவே ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் திட்டம் அது. தண்ணீர் தொட்டி வரைக்கும் வந்தும்விட்டது. ஆக நமக்குப் பொருந்தும் எண் 1.0. கலந்தபின் 1.4 என்றாலும் அதிகம்தான்.

மனு எழுதியவர் தம் கையில் இருந்த பலமான வாதத்தை விட்டுவிட்டு, பலவீனமானதை எழுதியிருக்கிறார். எழுதாத இணைப்பை வாக்கியமாக எழுதிப் பார்த்திருந்தால் இரண்டும் தெரிந்திருக்கும்.

பல் கறையைக் கண்ணால் பார்க்கிறோமே, அதைவிடச் சான்று வேண்டுமா?

கண்ணால் பார்ப்பது கறையை. அதிலிருந்து "இப்போது குடிக்கும் தண்ணீர் கெட்டது" என்று போவதற்கும் ஓர் இணைப்பு வேண்டும். ஃபுளோரைடால் வரும் கறை, பல்லின் எனாமல் உருவாகும் வயதில் பதிவது. நிலைப் பற்களின் எனாமல், ஞானப் பல்லைத் தவிர, ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். பத்தாம் வகுப்புப் பையனின் பல்லில் இருக்கும் கறை அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்த தண்ணீரைப் பற்றிச் சொல்கிறது. இன்றைய தொட்டியைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. கறைக்கு வேறு காரணங்களும் உண்டு.

அதற்காக அந்த வரியைத் தூக்கி எறிய வேண்டாம். "எங்கள் ஊர் நிலத்தடி நீரில் இந்தப் பாதிப்பு ஏற்கெனவே உண்டு" என்பதற்கு அது நல்ல சான்று. எந்த முடிவுக்கு எந்தச் சான்று என்று பொருத்தி வைத்தால் போதும்.

எங்கள் தாத்தா இந்தத் தண்ணீரைக் குடித்தே 90 வயது இருந்தார். இதுவும் சான்றுதானே?

ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்குச் சான்று. யாருக்கும் ஆகாது என்பதற்கு அல்ல. தாத்தா காலத்தில் குடித்தது திறந்த கிணற்றுத் தண்ணீரா, பல நூறு அடி ஆழத்துப் போர் தண்ணீரா என்று கேட்டால் "இந்தத் தண்ணீர்" என்ற சொல்லே ஆட்டம் காணும். பெரியவர்களின் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. எந்தக் கிணறு எப்போது வற்றியது, எந்தப் பக்கம் தண்ணீர் உப்பு என்று அவர்கள் சொல்வது பல நேரம் ஆய்வகத்துக்கு வழி காட்டும்.

திருக்குறள் மேற்கோள் போட்டால் வாதம் வலுக்காதா?

எழுத்துக்கு மதிப்புக் கூடும். வாதத்துக்கு வலு கூடுமா என்பது இடத்தைப் பொறுத்தது. தண்ணீர் வேண்டும் என்பதை ஆட்சியர் மறுக்கவில்லை, பொறியாளரும் மறுக்கவில்லை. யாரும் மறுக்காத ஒன்றை நிறுவ வள்ளுவரை அழைப்பது வீண். எந்தத் தண்ணீர் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு அந்தக் குறளில் விடை கிடையாது.

ஆனால் முழுக் குறளையும் எடுத்துப் பாருங்கள்: "நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு." அதுவே அழகான வாதம். "எனின்" வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. அதை வைத்துக்கொண்டு மழையைப் பற்றிய முடிவுக்குப் போகிறார். நாம் மேற்கோளாக வெட்டி எடுப்பது ஒப்புக்கொண்ட பாதியை மட்டும். முடிவை விட்டுவிடுகிறோம்.

எதிர்க்கருத்தை நாமே ஏன் எழுத வேண்டும்? அவர்களுக்கு எடுத்துக்கொடுத்தது போல ஆகாதா?

ஆகாது. படிப்பவர் மனத்தில் அது ஏற்கெனவே இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைப்பார். நன்னூல் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்றாக இதை வைத்திருக்கிறது: "பிறர்தம் மதம்மேற் கொண்டு களைவே." அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. முதல் பாதியை நாம் மறந்துவிடுகிறோம். எதிர்க்கருத்தை அவரே தலையாட்டும்படி சொல்லிக் காட்ட வேண்டும், கேலி செய்ய எளிதாக அதை வளைத்துச் சொல்லக் கூடாது.

இந்த மனுவுக்கு எதிராக இரண்டு சொல்வார்கள். ஒன்று, கோடையில் பத்தாது. அது உண்மையான தடை. பதில் இருக்கிறது: கேட்பது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஊரகக் குடிநீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அதில் வாய்க்குள் போவது சிறு பங்குதான். குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்டப் போர் தண்ணீர் இருக்கட்டும். இரண்டாவது, "காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்". இது உண்மை அல்ல. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டுவதால் அளவு சற்றுக் கூடத்தான் செய்யும். முதலாவதற்கு விட்டுக்கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதை மறுத்துவிட வேண்டும்.

வாதத்தைப் பாகம் பிரிப்பது வெளிநாட்டுப் பாடம்தானே?

ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1958-ல் வகுத்த ஆறு பாகங்கள் இன்று பல நாட்டு வகுப்பறைகளில் புழங்குகின்றன. எழுதாத இணைப்பைத் தனிப் பாகமாக எடுத்து வைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் பாடத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், நிறுவ வேண்டிய கருத்து. புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம்.

அடுக்களை எதற்கு வருகிறது என்று யோசியுங்கள். "புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு" என்ற பொது விதியை நாம் கண்டு பழகிய இடம் அது. எழுதாமல் விட்டதை எடுத்துக்காட்டு தாங்கிப் பிடிக்கிறது.

அந்தக் காதை போலிகளையும், அதாவது சரி போலத் தோன்றும் தவறான வாதங்களையும், வகை வகையாக அடுக்குகிறது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, புகை என்று கொண்டு நெருப்பைத் துணிவது அதில் ஒன்று. மார்கழிக் காலையில் வத்தல்மலையைக் கீழிருந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மலை முழுக்க வெள்ளையாக எழும், ஒரு பொறி நெருப்பு இருக்காது. சான்று என்று எடுத்துக்கொண்டதே சான்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அங்கே பாடம்.

வரம்பு என்றீர்கள். "ஒருவேளை", "பெரும்பாலும்" என்று எழுதினால் வாதம் தளர்ந்துவிடாதா?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் எடுத்துக்காட்டு. "மா விளைச்சல் கூடினாலே விலை விழுந்துவிடும்" என்று ஒருவர் எழுதுகிறார். ஒரு வருடம் விளைச்சலும் கூடி விலையும் கூடினால் அவர் வாதம் முழுதும் சரியும். "கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகத்தில், ஆலைகள் கொள்முதலைக் கூட்டாத வருடங்களில், விளைச்சல் கூடினால் விலை பெரும்பாலும் இறங்கும்" என்று எழுதினால், அந்த ஒரு வருடத்தை மட்டும் காட்டி அவரைச் சாய்க்க முடியாது. எந்த ரகம், எப்போது என்று சொன்னது அவர் தோட்டத்தை அறிந்தவர் என்றும் காட்டுகிறது. காரணமே இல்லாமல் வரிக்கு வரி "ஒருவேளை" போடுவது வேறு. அது பயம்.

அந்த மனுவை நீங்கள் எப்படித் திருத்துவீர்கள்?

முதலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்வேன். எண் வந்த பிறகு இப்படி:

"பொருள்: குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் போர் தண்ணீர் கலக்காமல் தனியாக வழங்கக் கோருதல்.
ஐயா, எங்கள் ஊர்த் தெருக்குழாயில் இன்ன தேதியில் எடுத்த தண்ணீரில் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளது (ஆய்வக அறிக்கை இணைப்பு 1). ஏற்கத்தக்க அளவு 1.0. மாற்று ஆதாரம் இல்லாத ஊர்களுக்கே 1.5 வரை அனுமதி. எங்கள் தொட்டிக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருவதால் அந்த அனுமதி எங்களுக்குப் பொருந்தாது. கோடையில் ஆற்றுத் தண்ணீர் எல்லாத் தேவைக்கும் பத்தாது என்பதை அறிவோம். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆகும் அளவை மட்டும் தனித் தொட்டியில் வழங்கினால் போதும். பிற தேவைக்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்திக்கொள்கிறோம்."

குறள் இல்லை, பல் கறையும் இல்லை. கறையைச் சேர்க்க விரும்பினால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் புதிதாக முளைத்த முன்பற்களை ஒரு பல் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். சமீப வருடங்களின் தண்ணீரை அவையே சொல்லும். சோதனையில் 0.9 வந்தால் இந்த மனுவைக் கொடுக்கக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு, கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்து போர் தண்ணீரைக் கூடுதலாகக் கலக்கும் மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்.

தேர்வு அறையில் இவ்வளவு யோசிக்க நேரம் ஏது?

எல்லாம் வேண்டாம். பத்தியைப் படித்ததும் மையக் கருத்தின் அடியில் ஒரு கோடு போடுங்கள். பக்க ஓரத்தில் எழுதாத இணைப்பை உங்கள் சொல்லில் ஒரே வரியாக எழுதுங்கள். "இந்த வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது?" என்று கேட்டால் விடை அநேகமாக அந்த ஓரத்து வரியைத்தான் தாக்கும். "வலுச் சேர்ப்பது எது?" என்றாலும் அதையே பாருங்கள். பழக, தினமும் ஒரு தலையங்கம் போதும். நீங்கள் ஒப்புக்கொள்ளாத தலையங்கமாக எடுத்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் பிடித்த கருத்தில் இணைப்பு விட்டுப்போனதே கண்ணுக்குத் தெரியாது.